ஏறின படபடப்பு எப்போது இறங்கும்?

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் காலையில் ஒட்டுக்கடைப் பக்கம் பத்து நிமிடம் உட்கார்ந்தால் டென்ஷன், பிரஷர், ஸ்ட்ரெஸ் என்ற மூன்று சொல்லும் காதில் விழுந்துவிடும். மூன்றும் ஒன்றுதான் என்பதுபோலப் பேச்சு போகும். "லோன் டென்ஷன்ல பிரஷர் ஏறிப்போச்சு" என்பார் ஒருவர். "தினமும் ஜாகிங் போங்கண்ணே, ஸ்ட்ரெஸ்ஸே வராது" என்பார் பக்கத்து மேசைக்காரர்.

முதல் பேச்சில் பாதி உண்மை. இரண்டாவது நல்ல எண்ணத்தில் சொல்லும் தப்பு. அந்தத் தப்பால் ஒரு நட்டமும் உண்டு. ஒருவர் அதை நம்பி இரண்டு மாதம் திடலைச் சுற்றி நடக்கிறார். பிறகு ஒருநாள் மேலாளர் அறைக்குக் கூப்பிடுகிறார். நெஞ்சு பழையபடி அடித்துக்கொள்கிறது. "நடந்து என்ன புண்ணியம்?" என்று சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிடுகிறார். அவர் உடம்பில் மாற்றம் வந்திருக்கும். அவர் அதைத் தேடிய இடம்தான் தவறு.

பிரஷர் வேறு, படபடப்பு வேறு

இதை முதலில் பிரித்துவிடலாம். இரத்த அழுத்தம் என்பது இரத்தம் குழாயின் சுவரை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதன் அளவு. ஓய்வாக இருக்கும்போது 120/80-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. வேறு வேறு நாட்களில் கிளினிக்கில் அளந்து பார்த்தும் 140/90-க்குக் கீழே வராவிட்டால் அது உயர் இரத்த அழுத்த நோய். அந்த நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. நெஞ்சு படபடக்காததால் தனக்குப் பிரஷர் இல்லை என்று நினைப்பதும், படபடத்ததும் பிரஷர் மாத்திரை ஒன்றைக் கூடுதலாகப் போடுவதும் இரண்டுமே ஆபத்து.

படபடப்பு என்பது அந்த நேரத்துக்கு உடம்பு எழுப்பும் எழுச்சி. அப்போது இரத்த அழுத்தமும் கூடவே ஏறும், பிறகு இறங்கும். இந்தக் கட்டுரை அந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றியது.

உடம்பில் இரண்டு மணி அடிக்கிறது

செம்பனைக் காட்டில் காய்ந்த மட்டையைப் புரட்டுகிறீர்கள். அடியில் நாகம் படமெடுத்து நிற்கிறது. யோசிப்பதற்கு முன்பே கால் பின்னால் போயிருக்கும். இது முதல் மணி.

இதயத்துக்குச் சொந்தமாக ஒரு தாளம் உண்டு. எந்த நரம்பும் குறுக்கிடாவிட்டால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். நாம் உட்கார்ந்திருக்கும்போது அதை 70-க்கு இறக்கி வைத்திருப்பது மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு. பிரேக்கில் எப்போதும் லேசாகக் கால் வைத்திருப்பதுபோல. நாகத்தைக் கண்டதும் மூளை செய்யும் முதல் காரியம் அந்தப் பிரேக்கை விடுவதுதான். ஓரிரு துடிப்புக்குள் வேகம் ஏறிவிடும். அதற்குப் பின்னாலேயே இன்னொரு நரம்புக் கூட்டம் முறுக்குகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. அவசர நேரத்தில் இரத்தத்தில் கலந்து இதயத்தையும் தசையையும் முடுக்கிவிடும் சுரப்பு அது.

இரண்டாவது மணி மெதுவானது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து ஒரு சுரப்பு பிட்யூட்டரிச் சுரப்பிக்குப் போகிறது. பிட்யூட்டரி இன்னொரு சுரப்பை இரத்தத்தில் விடுகிறது. அது அதே அட்ரினல் சுரப்பியின் வெளித்தோலைத் தட்டி எழுப்பிக் கார்ட்டிசாலைச் சுரக்க வைக்கிறது. சேமிப்பில் இருக்கும் சர்க்கரையையும் கொழுப்பையும் இரத்தத்துக்குக் கொண்டுவருவது கார்ட்டிசாலின் வேலை. அட்ரினலினுக்கு விநாடிகள் போதும். கார்ட்டிசால் உச்சத்துக்குப் போக, விஷயம் தொடங்கியதிலிருந்து 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். இறங்குவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். சண்டை பத்து நிமிடத்தில் முடிந்துபோனாலும் அரைமணி கழித்தும் "மனசு அடங்கல" என்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வங்கிக் கடிதத்துக்கும் உடம்பு இதே இரண்டு மணியைத்தான் அடிக்கிறது. வேறு மணி அதனிடம் இல்லை. நாகத்தைக் கண்டு ஓடினால், இரத்தத்தில் வந்த சர்க்கரையைக் கால் தசை எரித்துவிடும். கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அதை எரிக்க ஆள் இல்லை. இனிப்புநீர் உள்ளவர்கள் மனக்கலவரமான நாளில் சோறு குறைத்தும் அளவு ஏறியிருப்பதைப் பார்ப்பது இதனால்தான். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. ஆகவே இது யாரோ சிலருக்கான சங்கதி இல்லை.

கார்ட்டிசாலை விஷம்போலப் பேசிப் பொடி விற்கும் விளம்பரங்கள் இப்போது கைப்பேசியில் நிறைய வருகின்றன. கார்ட்டிசால் தினமும் காலையில் கண் விழித்த 30 முதல் 45 நிமிடத்துக்குள் தானாகவே உச்சத்துக்குப் போகும். அது இல்லாவிட்டால் பாயைவிட்டு எழுந்திருக்கவே முடியாது. அதைக் "கழுவி வெளியேற்ற" ஒரு தேவையும் இல்லை.

இதுவரை பார்த்தது: ஆபத்து உண்மையோ மனதில் மட்டுமோ, உடம்பு ஒரு வேக மணியும் ஒரு மெதுமணியும் அடிக்கிறது. மணி அடிப்பது நோயில்லை. அடித்த மணி நிற்காமல் இருப்பதும், நாளுக்குப் பலமுறை அடிப்பதும்தான் உடம்பைத் தேய்க்கும்.

மூச்சுத் தெம்பு என்பது என்ன?

ஏரோபிக் உடற்தகுதி என்று ஆசிரியர்களும் டாக்டர்களும் சொல்வதை இங்கே மூச்சுத் தெம்பு என்று வைத்துக்கொள்வோம். பெரிய தசைகளுக்கு நீண்ட நேரம் ஆக்சிஜன் கொண்டுபோய்க் கொடுக்கவும், அந்தத் தசைகள் அதைப் பயன்படுத்தவும் உடம்புக்கு இருக்கும் திறன் அது. ஒல்லியாக இருப்பது அதன் அடையாளம் இல்லை. புஜம் பெருத்திருப்பதும் இல்லை.

செம்பனைக் குலை ஆலைக்குப் போகும் வழியை நினைத்துப் பாருங்கள். வெட்டியவர் கீழே தள்ளுகிறார், தள்ளுவண்டி சாலையோரம் சேர்க்கிறது, லோரி ஏற்றிக்கொண்டு போகிறது, ஆலை அரைக்கிறது. உடம்பில் நுரையீரல் ஏற்றுமிடம், இரத்தம் லோரி, தசைக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகள்தான் ஆலை. லோரியை ஓட்டுவது இதயம். பயிற்சி இந்த வழி முழுவதையும் சீர்படுத்துகிறது. அதிகம் மாறுவது லோரியின் கொள்ளளவு.

கணக்கைப் பாருங்கள். பயிற்சி இல்லாத இதயம் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் இரத்தம் தள்ளுகிறது. 70 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 4,900 மில்லிலிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு அவ்வளவுதான் தேவை. பயிற்சியால் ஒரு துடிப்புக்கு 90 தள்ளும் இதயம் 55 துடிப்பிலேயே 4,950 கொடுத்துவிடும். பெரிய லோரிக்குக் குறைந்த நடை போதும். அதோடு வேகஸ் பிரேக்கும் அழுத்தமாகப் பிடிக்கப் பழகிவிடுகிறது.

தோட்ட வேலை செய்கிறவருக்கு இது தானாக வராதா?

நியாயமான கேள்விதான். காலைப் பெரட்டு முடிந்து காட்டுக்குள் போனால் மத்தியானம் வரை குலை வெட்டுகிறவரிடம் போய் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றால் அவர் சிரிப்பார்.

அவருக்குத் தெம்பு இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அந்த வேலையின் அமைப்பு வேறு. நீளக் கழியை அண்ணாந்து பிடித்திருக்கும்போது தோளும் கையும் அசையாமல் இறுகியிருக்கும். இறுகிய தசைக்குள் இரத்தம் புகுவது கடினம், அதனால் இரத்த அழுத்தம் எகிறும். 15, 20 கிலோ குலையை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கும்போதும் அப்படியே. இதயத்துக்குக் கிடைப்பது அழுத்தச் சுமை. லோரியைப் பெரிதாக்க வேண்டியது, நிறைய இரத்தம் சீராக ஓடும் சுமை. வேலையில் வேகத்தை நாம் தீர்மானிப்பதில்லை. குலைக் கணக்கு தீர்மானிக்கிறது. களைத்ததும் நிறுத்த முடியாது. ஆறேழு மணி நேரம் ஏறிய துடிப்பு முழுதாக இறங்குவதற்கு இடைவெளியும் கிடைக்காது. வேலையில் உடம்பை வருத்துவதும் ஓய்வு நேரத்தில் நடப்பதும் இதயத்துக்கு ஒரே பலனைத் தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் பல ஆண்டாகச் சொல்லி வருகிறார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. காரணம் ஓரளவு இதுதான்.

வேர்வையையும் அளவாக வைத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊர் ஈரக் காற்றில் வேர்வை காயாமல் சொட்டும். சூட்டைத் தோலுக்குக் கொண்டுவரவே இதயம் கூடுதலாகத் துடிக்கும். சட்டை நனைந்துவிட்டது என்பதற்காகத் தெம்பு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

லோரி ஓட்டுகிறவர், தொழிற்சாலையில் நிற்கிறவர், ஆபீசில் கிராணி வேலை பார்க்கிறவர் இவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. நடந்தே ஆக வேண்டும்.

தெம்பு வந்தால் என்ன மாறுகிறது?

மனக்கலவரத்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க 1993-இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். சிரிக்காத, தலையாட்டாத ஒரு குழுவின் முன்னால் 5 நிமிடம் பேச வேண்டும். அடுத்த 5 நிமிடம் 1022-இலிருந்து 13, 13-ஆகக் கழித்து உரக்கச் சொல்ல வேண்டும்: 1009, 996, 983. தப்பினால் முதலிலிருந்து. வீட்டில் நாலு பேர் உற்றுப் பார்க்கச் செய்து பாருங்கள், நாகத்துக்கு ஏறும் துடிப்பு எண்ணுக்கும் ஏறுவது தெரியும்.

இந்த மாதிரிச் சோதனைகளில் தெம்புள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. 1987-இல் 34 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், தெம்புள்ளவருக்கு எழுச்சியே குறைவு என்றார்கள். ஒட்டுக்கடைப் பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். 2006-இல் இரண்டு திரட்டுகள் வந்தன. ஒன்று எழுச்சி குறைகிறது என்றது. மற்றது தெம்புள்ளவருக்கு எழுச்சி சற்றே கூடுதல் என்றது! உச்சத்தில் ஒத்துப்போகாத இரண்டும் இறக்கத்தில் ஒத்துப்போயின: தெம்புள்ளவர் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புகிறார்.

இரண்டு கப்சாய் மோட்டார் மேடு ஏறுவதை வைத்துச் சொன்னால் புரியும். ஏறும்போது இரண்டும் உறுமும். உச்சியில் முறுக்கை விட்டதும் ஒன்று உடனே அடங்கி மெதுவாக ஓடுகிறது. இன்னொன்றின் கேபிள் துருப்பிடித்திருக்கிறது; கையை எடுத்த பிறகும் உறுமிக்கொண்டே நிற்கிறது. மேட்டில் சத்தத்தை அளந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மேலாளர் அறையில் தன் நெஞ்சைக் கவனித்தவர் செய்தது அதுதான். வெளியே வந்து கால்மணி கழித்துக் கவனித்திருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

ஏன் இப்படி? விறுவிறுப்பாக நடப்பதே உடம்புக்கு ஒரு சிறிய நெருக்கடி. பிரேக் விடுகிறது, அட்ரினலின் ஏறுகிறது, நின்றதும் எல்லாம் இறங்குகிறது. வாரத்துக்கு ஐந்து நாள் மணியை அடித்து நிறுத்தும் ஒத்திகை. இந்தப் பழக்கம் மனக்கலவரத்துக்கும் கைகொடுக்கும் என்பது ஒரு கருதுகோள். பிரேக் இறுகுவது உறுதி. மற்றபடி எவ்வளவு கைமாறுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். மெதுமணிக்கு, அதாவது கார்ட்டிசாலுக்கு, ஆய்வு முடிவுகள் இன்னும் கலவையாகத்தான் இருக்கின்றன.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை நடந்தாலும் அடுத்த சில மணி நேரம் இரத்த அழுத்தம் சற்று இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் வரும் மனக்கலவரத்துக்கு இரத்த அழுத்தம் எகிறுவதும் குறைகிறது. நேர்முகத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்பு அரைமணி நடப்பது வீண் போகாது.

சுருக்கமாக: எழுச்சி வராமல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், சீக்கிரம் அடங்கும் என்று எதிர்பாருங்கள்.

எவ்வளவு, எப்படி?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான அசைவு. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது. காலடியை எண்ணியும் பார்க்கலாம். 15 விநாடியில் 25 அடி, அதாவது நிமிடத்துக்கு 100, விறுவிறுப்பின் தொடக்க எல்லை. சாமான் வாங்கப் பாசார் மாலாமில் நடக்கும் நடை இதில் சேராது.

நாடியைப் பார்த்துச் செய்ய விரும்பினால்: 220-இலிருந்து வயதைக் கழியுங்கள். 45 வயதுக்கு 175. அதில் 64 முதல் 76 விழுக்காடு, அதாவது 112 முதல் 133 வரை, மிதமான வேகம். இந்தக் கணக்கு ஆளுக்குப் பத்துத் துடிப்பு முன்பின் தவறும். பேச்சுச் சோதனையையே பெரிதாக நம்புங்கள். துடிப்பைக் குறைக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடிக் கணக்கு பொருந்தவே பொருந்தாது.

முதல் இரண்டு வாரம் 15 நிமிடம், ஐந்து நாள். அடுத்த இரண்டு வாரம் 20. பிறகு 25, ஏழாம் வாரத்திலிருந்து 30. தமிழ்ப்பள்ளித் திடலின் சுற்று 400 மீட்டர் இருந்தால் 30 நிமிடத்துக்கு ஏறக்குறைய ஏழு சுற்று வரும். ஒன்பதாம் வாரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் மட்டும், ஒரு நிமிடம் மூச்சு வாங்கும் வேகம், இரண்டு நிமிடம் சாதாரண நடை என்று ஆறு தடவை மாற்றி மாற்றிச் செய்யலாம். கடைசி 5 நிமிடம் எப்போதும் மெதுநடை. திடீரென்று நின்றால் இரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும்.

நம் ஊரில் 7 மணியை ஒட்டித்தான் விடியும். ஐந்தரைக்கு இருட்டில் தோட்டச் சாலையில் இறங்கினால் லோரியும் நாயும்தான் துணை. மாலை ஆறு மணி வசதி, ஆனால் இடி கேட்டதும் திடலைவிட்டு உள்ளே போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்குவது தப்பு. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிநடை வேண்டாம். வீட்டுக்குள் படியில் ஏறி இறங்கலாம்.

இறக்கத்தை அளந்து பார்ப்பது

காலையில் எழுந்ததும், கோப்பி குடிக்கும் முன், படுத்தபடியே கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே நாடி உண்டு. மூன்று நாள் சராசரியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை போதும். சில மாதத்தில் சில துடிப்பு இறங்கினால் லோரி பெருத்து வருகிறது.

அதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமானது ஒரு நிமிட இறக்கம். விறுநடையின் முடிவில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். மெதுவாக நடந்தபடி ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். 128-இலிருந்து 104-க்கு வந்தால் இறக்கம் 24. டாக்டர்கள் உடம்பு தாங்கும் எல்லை வரை ஓடவிட்டுச் செய்யும் சோதனையில், முதல் நிமிடத்தில் 12-ஐத் தாண்டி இறங்காவிட்டால் கவனிக்க வேண்டிய அறிகுறி என்று 1999-இல் வந்த ஆய்வு காட்டியது. வீட்டில் மிதமாக நடந்து பார்க்கும் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பயப்படக் கூடாது. போன மாதத்து உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள், அதே வேகம், அதே தூரம்.

கைக்கடிகாரம் காட்டும் "ஸ்ட்ரெஸ் 78" மாதிரி எண்களை அவ்வளவாக நம்ப வேண்டாம். அது இதயத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைப் பார்த்துப் போடும் ஊகம். மகள் கல்யாண வீட்டு மகிழ்ச்சியும் வாராக் கடன் கவலையும் அதற்கு ஒன்றுபோலத் தெரியும்.

எங்கே பிசகுகிறது?

பெரும்பாலும் வேகத்தில்தான். முதல் நாளே இளைஞர்களோடு ஓடி, மூன்றாம் நாள் முழங்கால் வீங்கி, நாலாம் நாள் நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காற்பந்து ஆடுகிறவர் அடுத்து வருகிறார். ஆறு நாள் சும்மா இருந்த இதயத்தை ஏழாம் நாள் மிரட்டுகிறார். மனம் கலங்கிய நாளில் மட்டும் நடக்கிறவருக்கு அன்றைய ஆறுதல் கிடைக்கும், லோரி பெருக்காது. தீபாவளிக்கு விட்டு மூன்று வாரம் கழித்து வருகிறவர் கொஞ்சம் இழந்திருப்பார். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தெம்பு இறங்கத் தொடங்கிவிடும். பழைய நிமிடத்தில் பாதியிலிருந்து ஆரம்பித்தால் போதும்.

நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ, நின்றும் மூச்சு வாங்கல் அடங்காவிட்டாலோ அது படபடப்பு என்று உட்கார்ந்திருக்காமல் 999-ஐ அழைக்க வேண்டும். இதய நோய், கட்டுப்படாத இனிப்புநீர், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அரசு கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

நடை எட்டாத இடம்

கடிதம் வந்தபோது உடம்பில் மணி ஒரு தடவை அடித்தது. அதையே இரவு பத்து தடவை நினைத்தால் பத்து தடவை அடிக்கும். ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் அடங்கத் தெம்பு உதவும், அடுத்த தடவை அடிப்பதை அது தடுக்காது. கடுவட்டிக்கார ஆலோங் வாசலில் வந்து நிற்கும் வீட்டில் போய் ஜாகிங்கைப் பற்றிப் பேசுவது கேலிபோல ஆகிவிடும். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன குடும்பத்திடமும் அப்படித்தான். வங்கிக் கடன் என்றால் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. தவணையை மாற்றி அமைத்துத் தர இலவசமாக ஆலோசனை சொல்வார்கள், கடன் பத்திரங்களையும் சம்பளச் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால் அது வெறும் டென்ஷன் இல்லை. கிளினிக்கில் சொல்லலாம், அல்லது சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555-க்குப் பேசலாம்.